விளாவி வைத்த தண்ணீர்

அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அப்புறம் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் சொந்த முடிவு கிடையாது. தம்பிக்கு இரண்டு வயதிருக்கும்போது வயிற்றுப்போக்கு வந்து, பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், இன்னொரு தடவை இப்படி ஆனால் பிள்ளை தாங்காது என்றார் டாக்டர். கரையான்சாவடிக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா சட்டம் போட ஆரம்பித்துவிட்டாள்.

கறி நறுக்கத் தனிப் பலகை. மீந்த சோறு மறுநாளைக்குக் கிடையாது. அப்பா வாங்கி வரும் பஜ்ஜிக்கு வீட்டுக்குள் அனுமதியில்லை. அவர் வாசலிலேயே நின்று தின்றுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு நல்ல பிள்ளையாக உள்ளே வருவார்.

அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை. ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வரும். அதற்குள் ஒரு குண்டான் நிறையத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு மூடி வைப்பாள். அது மே மாத விடுமுறை. தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எட்டு வயதான என்னுடையது. எங்கள் இருவரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பக்கத்துப் போர்ஷனிலிருந்த அப்பாவின் அக்காவுடையது.

"தம்பிக்கு இந்தத் தண்ணி மட்டும்தான். வேற எதுனா குட்த்தே, தோல உரிச்சுடுவேன்" என்பாள் அம்மா, வேனில் ஏறும்போதுகூட.

நான் சொல் மீறவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் கொடுத்தேன். ஆனால் ஒன்பது மணிக்கும் அது சுட்டது. தம்பி டம்ளரைத் தட்டிவிட்டு அழுதான். சுடுதண்ணீர் சுட்டால் என்ன செய்ய வேண்டுமென்று எனக்குத் தெரியாதா? தினமும் அவனைக் குளிப்பாட்ட விளாவிக் கொடுப்பதே நான்தானே! குழாயில் ஒரு சொம்பு பிடித்து ஊற்றினேன். விரலை விட்டுப் பதம் பார்த்தேன். மடக்மடக்கென்று குடித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் தம்பிக்கு மறுபடி வயிற்றால் போக ஆரம்பித்தது.

அம்மா பயந்துபோனாள். ஆனால் உட்கார்ந்து அழவில்லை. டாக்டர் கொடுத்திருந்த உப்புச்சர்க்கரைப் பாக்கெட்டைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினாள். லீவு சொன்னாள். பாத்திரங்களையெல்லாம் வெந்நீரில் அலசினாள். பால் வாங்கும் கடையை மாற்றினாள். "எங்கேர்ந்து வருதுன்னு பாக்காம உட மாட்டேன்" என்றவள், கடைசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"நான் வேலைக்குப் போனப்புறம் நீ இன்னா இன்னா பண்ணுவியோ, அத்த அப்டியே பண்ணிக் காட்டு."

குண்டானைத் திறந்தேன். சொம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

"அது இன்னாத்துக்கு?"

"வெளாவுறதுக்கும்மா. சுடுதில்ல?"

அம்மா என்னையே பார்த்தாள். தோலை உரிப்பாள் என்று கண்களை இறுக மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. குண்டானைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, புதிதாகத் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். மூடியைத் திறக்காமல் குண்டானைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி ஆறவைக்கச் சொல்லிக்கொடுத்தாள். "எதையும் ஊத்தாதே கண்ணு" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு நாளில் தம்பி எழுந்து ஓட ஆரம்பித்தான். அன்று சாயங்காலம் அத்தை வந்து, நாலு போர்ஷனுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"நானும்தான் மூணு பெத்துகீறேன். ஒண்ணுக்காச்சும் இப்டி ஆயிருக்கா? எத்தினி கொதிக்க வச்சு இன்னா? ஆக்கிப் போடுற கை சுத்தமா இருக்கணும்."

அத்தை ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிறவள் அம்மா. அன்று என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "சரி அண்ணி, இனிமே பாத்துக்குறேன்" என்றாள்.

நல்லவேளை, தப்பு அம்மாவுடையதுதான், அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நிம்மதியாக விளையாட ஓடினேன்.