நாற்பத்தொரு நாள் விருந்தாளி

ரூபி ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவளுடைய அம்மா அற்புதத்தை அடக்கம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

இத்தாலியில் பெர்காமோ என்ற ஊரில் வேலை அவளுக்கு. எண்பத்தெட்டு வயதான ரோசா என்ற அம்மாளைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, தூங்க வைக்க வேண்டும். அந்த நாட்டுக்குப் போய்ப் பதினான்கு வருடம். அந்த வீட்டிலேயே தங்கி ஆறு வருடம். அம்மா போன செய்தி வந்ததும் ரோசாவின் மகள் பாவ்லா பதினைந்து நாள் லீவு கொடுத்தாள். அதுவரைக்கும் பார்த்துக்கொள்ள ஒக்சானா என்ற உக்ரைன்காரப் பெண் வந்தாள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு ரூபி கிளம்பிவிட்டாள்.

சேலத்தில் அவளுக்கு முதலில் கிடைத்தது குப்பனூர் வழியாக மலையேறும் பஸ். வளைவுகளில் தலை சுற்றியது. கைப்பையில் இருந்த சின்ன நீலத் துணிப்பையை எடுத்து வாந்தி மாத்திரை தேடியது நினைவிருக்கிறது. ஏற்காட்டு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி, சொந்த ஊரான மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் பிடித்து, நேராகக் கல்லறைக்குப் போனாள். மண் இன்னும் ஈரமாக இருந்தது.

நான்காம் நாள் பெட்டியை ஒதுங்க வைக்கும்போதுதான் நீலப் பை இல்லை என்று தெரிந்தது. பாஸ்போர்ட் கைப்பையில் பத்திரமாக இருந்தது. ஆனால் இத்தாலியில் குடியிருக்க உரிமை தரும் அட்டையும் ரோசா வீட்டுச் சாவியும் அந்த நீலப் பையில்தான் இருந்தன. அட்டை இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

தம்பி பென்னி ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். இரண்டு நாள் பஸ் கண்டக்டர்களையும் ஜீப்காரர்களையும் விசாரித்தான். யாரும் பார்க்கவில்லை. பிறகு அக்காவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனான். அங்கே ராஜேஸ்வரி என்ற பெண் போலீஸ் பேனாவைத் திறந்தார்.

"எங்கீங்க தொலைச்சீங்க?"

"தெரியலீங்க. சேலத்துல இருந்து ஊடு வர்றதுக்குள்ள எங்கியோ."

"எங்கியோன்னு எழுத முடியாதுங்களே. கீழ உழுந்திருந்தா கீழ இருக்கற ஸ்டேஷன். மேல உழுந்திருந்தா நாங்க. ஒரு எடஞ் சொல்லுங்க."

ரூபி யோசித்தாள். "ஒண்டிக்கடைன்னு போட்டுக்குங்க. அங்கதான்னு நெனைக்கறனுங்க."

வெளியே வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. தொலைந்த இடமே தெரியாத பொருளுக்கு ஓர் இடம் எழுதியாகிவிட்டது.

அந்தக் காகிதத்தோடு ரயிலில் சென்னைக்கு, இத்தாலி விசா மையத்துக்குப் போனாள். திரும்பிப் போவதற்கென்று தனியாக ஒரு விசா தருவார்கள். போன பிறகு அங்கே புது அட்டைக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். கவுண்ட்டரில் இருந்த பெண் தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டாள், "பழைய அட்டையோட நகல் எங்க மேடம்?"

நகல் பெர்காமோவில், ரோசா வீட்டுச் சமையலறை அலமாரியில் இருந்தது.

பாவ்லாவுக்குப் போன் செய்தாள். மிலானில் இருக்கும் பாவ்லா ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாவைப் பார்க்க வருவாள். அப்போது தேடி அனுப்புகிறேன் என்றாள். அந்த ஞாயிறு போனது. அடுத்த ஞாயிறும் போனது. கேட்டால், "நீ அவசரப்படாதே, ஒக்சானா அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள்" என்றாள். ரூபியின் பதினைந்து நாள் லீவு அதற்குள் முடிந்திருந்தது.

ஊரில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னாயி காப்பிக்காட்டு வேலைக்குப் போகும்போது தினமும் வாசலில் நின்று கேட்பாள், "ஏங்கண்ணு ரூபி, இன்னும் கெளம்பலியா?" மாலையில் திரும்பும்போது, "எப்பத்தான் கெளம்பற சாமி?" என்பாள். பொன்னாயிக்கு அது வெறும் பேச்சு. ரூபி மட்டும் அந்த நேரம் வரும்போது உள்ளே போய்விடப் பழகிக்கொண்டாள்.

மே மாதம் நெருங்கியது. தம்பி மனைவி அபிஷா இரண்டு நாளாகச் சொல்ல வந்து சொல்லாமல் போவது தெரிந்தது. ஒருநாள் காலை சொல்லிவிட்டாள்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. அத்தை ரூமை சீசனுக்கு டூரிஸ்ட்டுக்கு உடறதா மொதல்லியே பேசி வச்சிருந்தோம். நீங்க போயிருவீங்கன்னுதான்..."

"அதுக்கென்ன அபிஷா. நான் ஹால்ல படுத்துக்கறேன்."

சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்தக் குடும்பத்துப் பெண் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஹாலில் ரூபி மட்டும் இருந்தாள். "அக்கா, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா? குழந்தைக்கு." ரூபி எழுந்துபோய்ப் போட்டுக் கொடுத்தாள். துண்டு கேட்டார்கள், கொடுத்தாள். அடுத்த நாள் கிளம்பும்போது அந்தப் பெண் அவள் கையில் நூறு ரூபாயைத் திணித்தாள். நான் இந்த வீட்டுப் பெண் என்று சொல்ல வாயெடுத்த ரூபி, பணத்தை வாங்கிக்கொண்டாள். அந்த நோட்டை அபிஷாவின் மிக்ஸிக்கு அடியில் வைத்துவிட்டு அம்மாவின் அறைக்குப் போய்ப் படுக்கை விரிப்பை உருவினாள். அம்மா படுத்திருந்த கட்டில் அது. அறையில் வேறு யாருடைய சோப்பு வாசனையோ இருந்தது. அன்றைக்குத்தான், ஊருக்கு வந்து முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் பாவ்லாவை விட்டுவிட்டு ரோசாவின் வீட்டு எண்ணுக்கே கூப்பிட்டாள். ஒக்சானா எடுத்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இத்தாலிய மொழிதான். ரூபி விஷயத்தைச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"நான் வந்தால் உனக்கு இந்த வேலை இருக்காது. தெரியும்தானே?"

"தெரியும்," என்றாள் ஒக்சானா. "எந்த அலமாரி?"

பின்னால் ரோசாவின் குரல் கேட்டது. "போனில் யார்?"

"ரூபி பேசுகிறாள்."

"என்ன உளறல்! நீதானே ரூபி."

சமையலறை அலமாரி, மேல் தட்டு என்றாள் ரூபி. பத்து நிமிடத்தில் அட்டை நகலின் இரண்டு பக்கமும் ரூபியின் போனுக்கு வந்துவிட்டன.

விசா வர இன்னும் இரண்டு வாரம் ஆனது. வந்திறங்கிய நாற்பத்தொன்றாம் நாள் ரூபி மலையிறங்கினாள். அபிஷா மிளகும் காப்பித்தூளும் கட்டிக் கொடுத்தாள். ஒண்டிக்கடையில் பஸ் கிளம்பும்வரை பென்னி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அடுத்த தடவ சொல்லிட்டு வாக்கா, ரூம காலி பண்ணி வைக்கறேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

பெர்காமோவில் சாவி இல்லாததால் மணி அடித்தாள். ஒக்சானா கதவைத் திறந்தாள். அவளுடைய பெட்டி நடையில் தயாராக நின்றது. கூடத்தில் ரோசா ஒக்சானாவின் கையைப் பற்றிக்கொண்டு ரூபியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரூபி, இது யார்?"

ரூபிதான் பதில் சொன்னாள். "வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறேன் அம்மா."

புது அட்டை வாங்க வேலை ஒப்பந்தம் வேண்டும். அதனால் ரூபியால் வேலையை விட்டுக்கொடுக்க முடியவில்லை. அதை மறைக்காமல் ஒக்சானாவிடம் சொன்னாள். "உன் இடத்தில் நானும் அப்படித்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு தோழியின் வீட்டுக்குப் போனாள். ஒரு வாரம் அங்கே இருக்கலாமாம். அதற்குப் பிறகு எங்கே என்று அவள் சொல்லவில்லை. ரூபி அன்றைக்கே பாவ்லாவிடம் பேசினாள். தன்னுடைய விடுமுறை நேரமான வியாழன் மதியமும் ஞாயிறு முழு நாளும் ரோசாவைப் பார்க்கும் வேலையை ஒக்சானாவுக்கே தர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பாவ்லா ஒத்துக்கொண்டாள்.

இப்போது ஞாயிறு காலை ஒக்சானா வந்ததும் ரோசாவின் முகம் மலர்கிறது. ரூபி கோட்டை மாட்டிக்கொண்டு சர்ச்சில் பூசைக்குப் போகிறாள். பூசை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மாலைவரை போக இடமில்லை. ரயில் ஸ்டேஷன் எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு, வருகிற போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.