குன்னூரில் நிற்பதா, வேண்டாமா

அடுத்த வாரம் மகன் குடும்பத்தோடு காரில் ஊட்டிக்குப் போகிறான். இ-பாஸ் எடுத்தாயிற்று, அறையும் போட்டாயிற்று. மிச்சமிருந்தது ஒரு கேள்விதான். வழியில் குன்னூரில் ஒரு நாள் தங்குவதா, இல்லை நேரே ஊட்டிக்கே ஏறிவிடுவதா? காரைக்குடி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் அந்த ஊருக்குப் போட்டிருந்த நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தான். "ஒருத்தரு சூப்பர்ங்கிறாரு, இன்னொருத்தரு அங்க நின்னா டைம் வேஸ்ட்டுங்கிறாரு. நீங்க சொல்லுங்கம்மா, நிக்கலாமா?" என்றான்.

எனக்கு அன்று சளி. நீலகிரித் தைலத்தைக் கைக்குட்டையில் தெளித்து முகர்ந்துகொண்டிருந்தேன். சளிக்கு அது என்ன செய்யுமோ தெரியாது, ஆனால் அந்த வாடை என்னை ஒரு வேனுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். ஒரு காலத்தில் ஊட்டிக்குப் போய்வந்தவர்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்தாக வேண்டும். நானும் ஒரு டஜன் வாங்கிவந்தேன். வளைவில் ஒரு பாட்டில் உடைந்து, பள்ளத்தூர் வந்து சேரும்வரை வேன் முழுக்க அதே வாடை.

பள்ளத்தூரில் நான் ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆண்டுதோறும் மே மாதம் ஆசிரியர்கள் குடும்பத்தோடு டூர் போவார்கள். இப்போது மாதிரி போகிற இடத்தில் ஓட்டல் பார்த்துச் சாப்பிடுவதெல்லாம் கிடையாது. அரிசி மூட்டை, அண்டா, பம்பு அடுப்பு எல்லாம் வேன் மேலே ஏறும். சமையலுக்குக் கருப்பையா அண்ணன் உள்ளே ஏறுவார். இருநூறு இலை போடுகிற கல்யாணத்துக்கெல்லாம் சமைத்தவர். எந்த ஊரைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கணக்குத்தான். "ஊட்டில என்ன இருக்கு, ஏது இருக்குன்னு எனக்குத் தெரியாது டீச்சர். தண்ணி எங்குட்டு இருக்கோ அங்குட்டு நிப்பாட்டுங்க" என்பார். ஆகவே வேன் எந்த ஊரில் நிற்கும் என்பதை, உண்மையைச் சொன்னால், சோறுதான் தீர்மானித்தது.

அந்த வருடம் டூர் பிளான் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை. ஆனாலும் பதவி வந்தால் மிடுக்கும் வரும்தானே. ஒரு ஊரில் நிற்க வேண்டுமென்றால் பார்ப்பதற்குக் குறைந்தது மூன்று இடமாவது இருக்க வேண்டும் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மலைமேல் எனக்கு ஊட்டி போதும். குன்னூரை முதலிலேயே கழித்துவிட்டேன்.

கணக்கு வாத்தியார் சூசை சார் அதிகம் பேசமாட்டார். நாற்பது வயது இருக்கும். அவர்தான் ஸ்டாஃப் ரூமில் என் மேசைக்கு வந்து, "குன்னூர்ல செத்த நேரம் நிப்பாட்டுனா என்ன டீச்சர்? ஊரு நல்லாருக்கும்னு சொல்றாக" என்றார்.

"ஊட்டில இல்லாதது அங்க என்ன சார் இருக்கு?"

அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டார். ஆனால் ஆள் சும்மா விடவில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்ல குழாய் இருக்கிறதாம் என்று கருப்பையா அண்ணனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அண்ணன் வந்து என்னிடம் சொல்ல, சரியென்று பிளானில் எழுதினேன்: குன்னூர், மதியச் சாப்பாடு, ஒரு மணி.

விடியுமுன் கிளம்பி, திண்டுக்கல், தாராபுரம் வழியாக மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினோம். வளைவு ஆரம்பித்ததும் பிள்ளைகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். எலுமிச்சம்பழம் கைக்குக் கை போனது. குன்னூருக்குக் கீழே பர்லியாரில் மூச்சு வாங்கிக்கொள்ள வேனை நிறுத்தினோம். சாலையோரம் ஒரு குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு கருப்பையா அண்ணனை மறுபடி வேனில் ஏற்ற யாராலும் முடியவில்லை. "இந்தத் தண்ணிய விட்டுப்புட்டு எங்குட்டுப் போறது?" என்று அண்டாவை இறக்கிவிட்டார். பிள்ளைகளுக்கும் பசி.

"பிளான்ல குன்னூர்னுதான டீச்சர் போட்டிருக்கு?" என்றார் சூசை சார்.

"சாருக்குப் பசிக்கலை போல" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சிவப்பு மைப் பேனாவால் குன்னூரை அடித்தேன். இங்கேயே சாப்பிட்டுவிட்டால் அங்கே நிற்கக் காரணமில்லை, ஊட்டியில் பூங்கா மூடுவதற்குள் போய்விடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மூன்றரை வாக்கில் குன்னூர் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வேன் மெதுவாகப் போனபோது, சூசை சார் இருக்கையிலிருந்து எழுந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். சாரல் அடிக்கிறது, கண்ணாடியை மூடுங்கள் என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. மூடிவிட்டு உட்கார்ந்தார். குன்னூரை நாங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் ஊட்டியில் கருப்பையா அண்ணனின் சோறு வேகவில்லை. ஒரு மணி நேரம் தாண்டியும் அரிசி அரிசியாகவே இருந்தது. அரிசிக் கடைக்காரரை அவர் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. உயரம் போகப்போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள் நான். எனக்கே அது இலையில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. இருந்தாலும், "குன்னூர்ல சமைச்சிருந்தாலும் இந்தக் கதிதான். நல்லவேளை பர்லியார்லயே சாப்பிட்டோம்" என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது சூசை சார் ஒரு இன்லேண்ட் லெட்டரை என்னிடம் நீட்டினார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருந்திருக்கும். அவருடைய அக்கா எழுதியது. வீட்டுக்குப் பிடிக்காத ஒருவரைக் கட்டிக்கொண்டு குன்னூருக்குப் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. அக்கா பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்பது அப்பா போட்ட உத்தரவு. அந்த அப்பாவின் நெருங்கிய சிநேகிதர் எங்கள் பெரிய சார், அதாவது தலைமையாசிரியர். டூரில் அவர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கருப்பையா அண்ணன் சோறு வடித்து இறக்க எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் யாருக்கும் தெரியாமல் அக்காவைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சூசை சார் கணக்குப் போட்டு, கடிதமும் எழுதியிருக்கிறார்.

'ஒரு மணின்னு எழுதியிருந்தாய். பன்னிரண்டுக்கே போய் நின்றேன். மூணு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வேன் வேறே எங்கேயும் நின்றதா?'

"அடுத்த வருசம் கண்டிப்பா நிப்பாட்டுவோம் சார்" என்றேன். சரி என்று தலையை ஆட்டி, கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

அந்தக் கார்த்திகையில் அக்கா காய்ச்சலில் இறந்துபோனார். சேதி வந்ததும், "வண்டி பிடிப்பா, போவோம்" என்று முதலில் எழுந்தவர் அப்பாதானாம். இருவரும் போய் மண் போட்டுவிட்டு வந்தார்கள். நான்கைந்து நாள் கழித்து சூசை சார் பள்ளிக்கூடம் வந்தார். நேரே என் மேசைக்கு வந்தார்.

"ஊரு நல்லாத்தான் இருக்கு டீச்சர். நிக்கலாம்" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. நான் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது குறையவில்லை.

இப்போது அந்த டூர் எல்லாம் இல்லை. பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆசிரியர்கள் அவரவர் காரில் அவரவர் குடும்பத்தோடு போய்வருகிறார்கள். எங்கே வருகிறோம் என்பதை நிமிடத்துக்கு நிமிடம் போனில் சொல்லிவிட முடிகிறது. ஒரு கடிதத்தை நம்பி யாரும் யாருக்காகவும் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டியதில்லை. கருப்பையா அண்ணன் போய்விட்டார். சூசை சாரும் நான்கு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். அக்காவின் பிள்ளை என்ன ஆயிற்று என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

மகனிடம், "ஒரு நாள் தங்குங்கப்பா" என்றேன். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டான். பூங்கா, குட்டி ரயில், தேயிலைத் தோட்டம் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன், குறித்துக்கொண்டான். அந்த ஊரில் எனக்குத் தெரிந்தது ஒருவரைத்தான், அவரையும் நான் பார்த்ததில்லை. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வருகிற வேனையெல்லாம் பார்த்து நின்ற நேரத்தில், நான் பர்லியாரில் இரண்டாம் தடவை ரசம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன்.