சின்னக் குழாயின் மூடி

அறுபத்து மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தே முக்கால் வரை அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் தொலைநோக்கியில் சூரியனைப் பார்த்தவர்கள் அத்தனை பேர். அதற்குப் பிறகு அவர் யாரையும் பார்க்க விடவில்லை.

வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் வேலை. குழிக்குள் இறங்கும் முன் மின்சாரத்தை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற ஆள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு மொட்டை மாடியில் மோட்டாரைச் சரிசெய்யப் போனவர், அங்கே வானியல் மன்றத்துக்காரர்கள் வைத்திருந்த தொலைநோக்கிக் குழாயில் சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டு மோட்டாரை மறந்து நின்றார். அடுத்த வாரமே உறுப்பினர் ஆகிவிட்டார்.

சூரியனைக் காட்டும் நாளில் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய குழாயின் வாயில் வெயிலை மட்டுப்படுத்தும் தகடு போட வேண்டும். பெரிய குழாயின் முதுகில், குறி பார்க்க உள்ள சின்னக் குழாயை மூடி போட்டு அடைக்க வேண்டும். ஒருவர் போடுவார், இன்னொருவர் இழுத்துப் பார்த்து "இறுக்கம்" என்று சத்தமாகச் சொல்வார். அன்று அந்த இரண்டாவது ஆள் மன்றச் செயலாளர். மருந்துக்கடை வைத்திருப்பவர். அவர் நிகழ்ச்சி நடந்த மைதானத்தின் வாசலில் கூட்டத்தை வரிசைப்படுத்தி, பதிவேட்டில் பெயரும் போன் எண்ணும் எழுதி வாங்கப் போய்விட்டார். மெக்கானிக்கே தகட்டை இழுத்துப் பார்த்து, தனக்குத் தானே "இறுக்கம்" என்று சொல்லிக்கொண்டார். சின்னக் குழாயின் மூடி, முந்தின சாயங்காலம் நிலாவைக் காட்டியபோது கழற்றியது, கருவிப் பையில் கிடந்தது.

பத்தே முக்காலுக்குக் குனிந்தபோது கை சுரீரென்றது. சட்டைக் கையில் மிளகளவு ஓட்டை, விளிம்பில் புகை. சின்னக் குழாய் வழியாக வந்த வெயில்.

உடனே ஒரு பெண் குழந்தையின் குரல் ஞாபகம் வந்தது. ஏழு வயதிருக்கும், மஞ்சள் கவுன். "ஒண்ணுமே தெரியல மாமா, வெள்ளையா கூசுது" என்றாள். "கொஞ்சம் கீழ பாரும்மா" என்று இவர் தலையை நகர்த்திவிட்டார். "ஐ, ஆரஞ்சுப் பழம்!" என்று குதித்தாள். தகடு போட்ட குழாயில் சூரியன் ஆரஞ்சு நிறம்தான். வெள்ளையாகத் தெரிய வழியே இல்லை. அவள் முதலில் கண்ணை வைத்தது மூடி இல்லாத சின்னக் குழாயில்.

விழித்திரையில் சூடு பட்டால் வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். மன்றத்தில் எல்லாருக்கும் இது மனப்பாடம்.

"பதிவேட்டைக் குடுங்க. எல்லாருக்கும் போன் போடறேன்" என்று செயலாளரிடம் கேட்டார்.

செயலாளர் தயங்கினார். "ஒரு குழந்தைக்கு ஏதோ இருக்கலாம்னு அறுபது பேரைக் கலவரப்படுத்தணுமா? அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துல நிகழ்ச்சி இருக்கு. விஷயம் பரவினா நம்மளை வாசல்லயே நிறுத்திருவாங்க."

"லிஃப்ட் பிரேக்ல சந்தேகம்னா கட்டிடத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லாம வருவனா? குடுங்க சார்."

பதிவேட்டில் குடும்பத்துக்கு ஒருவர்தான் எழுதியிருந்தார். முப்பத்தெட்டு எண்கள். குழந்தைகளின் பெயர் இல்லை. வீட்டில் தட்டில் போட்ட சோறு ஆறிக்கொண்டிருந்தது. ரயில் நிலைய விசாரணைக் கவுண்ட்டரில் வேலை பார்க்கும் மனைவி, அவர் போனில் பேசுவதைச் சற்று நேரம் கேட்டார்.

"ஏங்க, நீங்க பேசற பேச்சுல கேக்கறவங்களுக்கு நெஞ்சு அடைச்சிரும். அந்தப் பேப்பரைப் பாதியாக் கிழிங்க. மிச்சத்தை நான் கூப்பிடறேன்."

ஒருவர் "இன்ஷூரன்ஸா? ஏற்கெனவே நாலு இருக்கு" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. இன்னொருவர் சிரித்தார். "என் கண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே கெட்டுப்போச்சு சார். இல்லன்னா இப்படி மாட்டியிருப்பனா?" மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொருவரிடமும் இரண்டு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்க்கச் சொல்லி, பதிலைக் கேட்ட பிறகே அடுத்த எண்ணுக்குப் போனார்.

மூன்று இருபதுக்கு, இருவர் கூப்பிட்டதையும் சேர்த்து இருபத்தேழாவது எண்.

"அட, நீங்களா! காலைலேர்ந்து ஆரஞ்சுப் பழம், ஆரஞ்சுப் பழம்னு ஒரே பாட்டுதான் இவ."

அவர் நடந்ததைச் சொன்னார்.

"என்ன சொல்றீங்க நீங்க? நம்பித்தானே கூட்டிட்டு வந்தோம்?"

"என் தப்புதாம்மா. கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருக்கா? நடுவுல ஒரு புள்ளி வைங்க. ஒரு கண்ணை மூடிட்டு அந்தப் புள்ளியையே பாக்கச் சொல்லுங்க."

காகிதம் புரளும் சத்தம். இடது கண்ணுக்கு எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. இவர் மூச்சு விட்டார். பிறகு வலது கண். குழந்தையின் குரல் போனிலேயே கேட்டது.

"அம்மா, நடுவுல ஒரு கட்டத்தை யாரோ ரப்பர் வச்சு அழிச்சிருக்காங்க."

கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஆறு மணி வரை டாக்டர் இருப்பதை மத்தியானமே கேட்டு வைத்திருந்தார்; உடனே அங்கே வரச் சொன்னார். வண்டியில் மனைவியை ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது, தாயும் மகளும் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவரும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று பக்கத்தில் போய் நச்சரிக்கவில்லை. தூணருகே நின்றார்.

டாக்டர் வெளியே வந்து தாயிடம் சொன்னார்: "சின்னப் புண்ணுதான். பெரும்பாலும் தானா ஆறிரும். ஆனா முழுசா ஆறுமான்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. இன்னிக்கே தெரிஞ்சது நல்லது. இல்லன்னா குழந்தை சொல்லியிருக்கவே மாட்டா, ரெண்டு கண்ணாலயும் பாக்கறப்போ தெரியாது."

தாய் அப்போதுதான் தூணருகே நின்றவரைப் பார்த்தார். "அடுத்த தடவை வர்றப்போ நீங்களும் வரணும்" என்றார். அது அழைப்பா தண்டனையா என்று அவருக்குப் புரியவில்லை. தலையாட்டினார்.

மீதி எண்களை அன்று இரவு எட்டு மணிக்குள் இருவரும் பேசி முடித்தார்கள். வேறு யாருக்கும் எதுவும் இல்லை. பள்ளிக்கூட நிகழ்ச்சியை மன்றம் தள்ளி வைத்திருக்கிறது.

குழந்தைக்கு அடுத்த பரிசோதனை பதினான்காம் தேதி, காலை ஒன்பதரை மணி. அன்றைக்கு அவர் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார்.