எச்சில் டெஸ்டுக்கு எத்திராஜ் ரெடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒருவன் டம்ளரில் துப்பினான். நான்தான் துப்பச் சொன்னேன். முகம் சுளிக்காதீர்கள்... எல்லாம் அறிவியலுக்காக!

துப்பியவன் எத்திராஜ். வடசென்னையில் காலடிப்பேட்டைத் தோஸ்து. ஹார்பருக்குக் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறான். எண்ணூர் ஹைரோட்டில் க்யூ நகர்வதற்குள் ஒரு பாக்கெட் புகையிலை காலி. கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண், மாசக்கணக்காக ஆறவில்லை. யாருக்கும் காட்டமாட்டான். ஆஸ்பத்திரி என்றாலே, "கத்தி வெச்சா பரவிக்கும் மாமு" என்பான். அவன் மனைவி செல்வி கெஞ்சாத நாளில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

அப்போதுதான் என் மச்சினி மகள் ரேவதி ஒரு டப்பாவோடு வந்தாள். பிஎச்.டி. மாணவி. சுகர் மெஷின் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள். எச்சிலில் கேன்சர் செல் இருந்தால், மருந்து பூசிய தங்கத் தகட்டில் ஒட்டிக்கொள்ளுமாம். அதில் ஓடுகிற துளி கரன்ட் குறையுமாம். ஊசி இல்லை, கத்தி இல்லை. எத்திராஜ் உடனே சரி என்றான்.

"இது உங்களை டெஸ்ட் பண்ண இல்ல அங்கிள்... மெஷினை டெஸ்ட் பண்ண!" என்று ரேவதி தலைபாடாக அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்?

நம் ஊர் வழக்கம்தான் தெரியுமே — சுகர் டெஸ்ட் என்றால் ரெண்டு நாள் முன்னாலிருந்தே பாகற்காய் ஜூஸ்! எத்திராஜும் அப்படியே. புகையிலையைத் தொடவில்லை. வேப்பங்குச்சி, உப்புத் தண்ணீர்... பொதுத்தேர்வுக்குக்கூட யாரும் இப்படித் தயாராகியிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் டம்ளரில் துப்பியதில் ஒரு சொட்டை ரேவதி தகட்டில் விட்டாள். கரன்ட் குறையவே இல்லை.

"பாஸாயிட்டேன் மாமு!" என்று குதித்தான்.

ரேவதி குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு விட்டாள். அதே நம்பர்.

"பாத்தீங்களா? பைப் தண்ணிக்கும் இதேதான் சொல்லுது."

"கரெக்டாத்தானே சொல்லிகீது? பைப்புக்கு இன்னா கேன்சரா வரும்?"

பெருமை தாங்காமல் அவன் வாய்விட்டுச் சிரித்தபோது, ரேவதி டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"மெஷினை விடுங்க அங்கிள். நாளைக்கே ஆஸ்பத்திரி. நானே கூட்டிட்டுப் போறேன்."

பெண்டாட்டி சொன்னால் கேட்காதவன், மெஷின்காரம்மா சொன்னால் தட்டுவானா? போனான்.

சதையைக் கொஞ்சம் வெட்டி டெஸ்ட் எடுத்தார்கள். கேன்சரேதான். ஆனால் ஆரம்பக் கட்டம். ஆபரேஷன் முடிந்து, போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டான். கஞ்சியைக் குடித்துக்கொண்டு, புகையிலை இல்லாத கடுப்பில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறான். விழட்டும். ஆள் இருக்கிறானே, எனக்கு அது போதும்.

பார்க்கப் போன ரேவதி, "என் மெஷின் ஃபெயில் ஆன்ட்டி" என்று செல்வியிடம் நெளிந்தாள்.

"இருக்கட்டும் கண்ணு. நானு கால்ல வுயுந்தும் தொறக்காத வாயி அது. நீ அந்த டப்பாவ தூக்கினு இன்னும் நாலு வூட்டுக்குப் போ."

இதைத் தீசிஸில் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று ரேவதி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.