மூடி இல்லாத மிசின்

நண்பர் ஒருவரின் ஓய்வுவிழாப் பதாகைக்காகப் போன வாரம் மட்டக்களப்பு நகரில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். முத்திரையளவு படத்தைக் கணினியில் இருந்த பிள்ளை ஒரே இழுப்பில் கதவளவுக்கு விரித்தாள்.

"அங்கிள், ஓரத்துல கறுப்புக் கோடு போடட்டா? வடிவா இருக்கும்."

"வேணாம்!" என்று நான் கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது. ஓய்வு எனக்குத்தான் அவசரம் என்று நினைத்திருப்பாள்.

பின்னால் போட்டோக்கொப்பி மிசின் சூடாகி மணத்தது. அந்தக் கருகல் மணம் வந்தால் எனக்குத் திரேசா அக்காவின் முகம் வந்துவிடும்.

மண்முனையில் வாவிக்குக் குறுக்கே பாலம் வருவதற்கு முந்திய காலம். ஆண்டில் தடுமாறினாலும் மாதத்தில் தடுமாறமாட்டேன். ஐப்பசிதான், மேற்குக்கரை வயல் வட்டைகளில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. நான் புதிதாகச் சேர்ந்த அலுவலகத்தில் திரேசா அக்கா தட்டெழுத்தாளர். மாங்கேணிக்காரர். கடலில் வலை இழுத்தே வயதுபோன தகப்பனுக்கு மறதி வந்தபின், அவரை அழைத்துவந்து வாவிக்கரையில் வாடகைக்கு இருந்தார். "கடலப் பார்த்திட்டு வாறன்" என்று ஒரு காலை வெளிக்கிட்ட மனிதர் திரும்பவில்லை. அடையாள அட்டை வீட்டில் கிடந்தது. அதிலிருந்ததுதான் அவருடைய ஒரே படம்.

அதைச் சுவரொட்டியாக்க வேண்டும். எங்கள் அலுவலக மிசின் உள்ளதை உள்ள அளவிலேயே எடுக்கும். நகரத்தில் ஒரு கடையில் மை இல்லை, இன்னொன்றில் மின்சாரம் இல்லை. மழைக்கு முன் அவரைக் கண்டுபிடிக்காவிட்டால் என்ற நினைப்பில், படியிறங்கிய கடைக்கே அக்கா திரும்பவும் ஏறிக் கேட்டார். கடைசியில் காத்தான்குடியில், காக்கா என்று எல்லாரும் அழைக்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவரிடம் பெருப்பிக்கிற மிசின் இருந்தது.

"மூடி ஒடஞ்சி பெய்த்து தங்கச்சி. மொட்டத் தலையோடதான் வேல செய்யும். ஆனா செய்யும்."

படத்தைப் பெருப்பித்து, அந்தப் பிரதியை வைத்து மறுபடி பெருப்பித்தார். மூடி இல்லாததால் படத்தைச் சுற்றியிருந்த வெறும் கண்ணாடி கறுப்பாக விழுந்தது. முகம் பெருக்க, கறுப்பும் பெருத்தது. சட்டம் போட்டதுபோல் இருக்கிறது என்று மூவரும் மகிழ்ந்தோம். காக்கா காசு வாங்கவில்லை. "அப்பா வந்த பொறகு ரெண்டு மீன் அனுப்புங்க."

கீழே 'காணவில்லை' என்று நான் பேனையால் எழுதினேன். மண்முனைத் துறைச் சுவரிலும், ஆளையும் சைக்கிளையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவையிலும், கொக்கட்டிச்சோலைச் சந்தியிலும் ஒட்டினோம்.

அன்று பின்னேரமே தூறியது. பேனை மை கரைந்து ஓடியது. மிசின் மை கரையாது. சுவர்களில் மிஞ்சியது கறுப்பு ஓரமிட்ட ஒரு கிழவரின் முகம். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஐந்தாம் நாள், செய்தி கேட்டு மாங்கேணியிலிருந்து இரண்டு மாமிமார் ஒப்பாரியோடு வந்து அக்கா வீட்டுப் படலையில் விழுந்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. "அப்பா சாகல்ல! ஆரும் அழாதீங்க!" என்று அக்கா அவர்களுடைய வாயைப் பொத்தப் பார்த்தார்.

சுவரொட்டிகளைக் கிழித்தெடுக்க ஓடினோம். சந்தியில் நின்ற விவசாயி ஒருவர் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "அச்சு அசலா இவரப்போலவே ஒராள் நம்மட வயல் வாடியில கஞ்சி குடிச்சிக் கிடந்தார் புள்ள. தண்ணி நிண்ட வட்டையப் பார்த்து, இண்டைக்கு அலையில்ல எண்டுவார். முந்தநாள் விடிய எழும்பி எங்கயோ பெயித்தார்."

அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "படம் ஒட்டி அஞ்சு நாளாச்சே அண்ணன். ஏன் ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

"செத்த மனிசன்ட படத்தப் பார்த்திட்டு, இவர் எங்கட வீட்ட இருக்கார் எண்டு ஆர் புள்ள வந்து சொல்லுவான்?"

அன்றிரவு மாரி பிடித்தது. வட்டைகளெல்லாம் வாவியோடு ஒன்றாகின. வெள்ளம் வடிந்தபிறகும் தேடினோம்.

இப்போது மிதவை இல்லை. பாலத்தில் ஏறினால் ஒரு பாட்டு முடியுமுன் அக்கரை. காக்காவின் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். ஊரில் யார் இறந்த திகதியைக் கேட்டாலும் நான் சொல்லுவேன் என்று ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். திரேசா அக்காவும் வருடாவருடம் ஐப்பசியில் வந்து கேட்பார், தகப்பனுக்குத் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுக்க ஒரு திகதி. அந்தத் திகதி மட்டும் என்னிடம் இல்லை.