விற்க விற்கத் திரும்பி வந்த ஆடு

எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்புப் பண்டிகையில் நடக்கும் காணிக்கை ஏலத்தில், எடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, "சபைக்கே இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூசணிக்காயோ சேவலோ, மறுபடியும் விலை கூறப்படும். பீர்மேட்டுப் பக்கம் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு வயதில் எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நம் வீட்டு ஆடு ஏலத்தில் நிற்கும்போது, தெரிந்ததெல்லாம் எங்கே நினைவுக்கு வருகிறது!

அந்த ஆட்டைக் கொண்டுவந்தவர் அப்பா. கம்பத்திலிருந்து ஆடு ஏற்றி வரும் லாரிகள் எங்கள் எஸ்டேட் வளைவில் மூச்சு வாங்கித்தான் திரும்பும். அப்படித் திரும்பிய ஒன்றிலிருந்து ஒரு கிடாக்குட்டி நழுவி, தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானில் விழுந்துவிட்டது. லாரி நிற்கவில்லை. முன்னங்கால் முறிந்து கிடந்ததை அப்பா கொழுந்துச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார். மூங்கிலைச் சிம்பாகச் சீவி இரண்டு பக்கமும் வைத்து, அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினார். உள்ளே பஞ்சு வைக்காவிட்டால் தோல் அழுகிவிடும் என்று என் தலையணையைப் பிரித்தார். நான் கத்தி அழுதேன்.

"உனக்குத் தலை நல்லாத்தானட்டி இருக்கு? அதுக்குத்தான் காலு சரியில்ல" என்றார்.

கால் கூடியது, கொஞ்சம் கோணலாக. நடக்கும்போது எதிரே வருகிற எல்லோருக்கும் வணக்கம் வைப்பதுபோல அது தலையை ஆட்டிக்கொண்டே போகும். பாட்டில் பால் மறந்து புல்லுக்கு வந்த பிறகும் கஞ்சித் தண்ணீர் குடிக்க எங்கள் வாசலில்தான் வந்து நிற்கும்.

பிறகு எஸ்டேட்டைப் பூட்டினார்கள். அப்பா வயிற்று வலியோடு தேனி ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். கட்டப் பணமில்லாமல் அது தள்ளிக்கொண்டே போயிற்று. லயத்துக்காரர்கள் எதையாவது கையில் வைத்துக்கொண்டு வந்தால் அம்மா வாங்க மாட்டாள். "எல்லார் வீட்டு அடுப்பும் ஒண்ணுபோலத்தான எரியுது? நான் யார்ட்டன்னு வாங்க?" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். இப்படி யாரிடமும் வாங்காதவள், அப்பா பிழைக்க வேண்டும் என்று ஆட்டைச் சபைக்கு நேர்ந்துவிட்டாள்.

"அப்பா வந்த பெறகு குடுத்தா என்னம்மா?"

"காரியம் முடிஞ்ச பெறகு குடுக்கதுக்குப் பேரு கூலி. முன்னாலயே குடுக்கதுதான் காணிக்கை. வாய மூடிட்டுக் கயித்தப் பிடி."

நேர்ந்த பொருள் மறுபடி வீட்டுக்கு வரக்கூடாது. கொடுத்த வீட்டார் ஏலம் கேட்கவும் கூடாது. போதாக்குறைக்கு, ஏலத்தன்று கறிக்கடை ராவுத்தர் வேறு வந்திருந்தார். அவர் சபைக்காரர் இல்லை. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு ஆடு பிடிக்க வருஷா வருஷம் வருகிறவர். வந்ததும் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தார். என் முதுகு கூசியது.

சபையை நடத்தும் உபதேசியார் விலை கூறத் தொடங்கினார். ராவுத்தர் கேட்டார். என் தாய்மாமா அதற்குமேல் கேட்டார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். ஆடு மாமாவுக்கு! எனக்கு உயிர் வந்தது. மாமா எழுந்து பணத்தைக் கொடுத்தார். "சபைக்கே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவரைக் கடித்துவிடலாம் போலிருந்தது.

அடுத்து, பக்கத்து வீட்டுச் சித்தி எடுத்தாள். அவளும், "சபைக்கே இருக்கட்டும்."

கோணல் காலைப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஓடிப்போய்க் கொய்யா இலை ஒடித்து வந்து, ஆடு நடக்காதபடி அதன் வாய்க்கு நேரே பிடித்தேன். கோணல் காலை என் பாவாடையால் மறைத்துக்கொண்டேன். அப்படியும் எடுக்கிறவர்கள் எல்லாம் திருப்பித்தான் கொடுத்தார்கள்.

"ஏலே, இது என்ன ஆடா பந்தா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. அம்மா மட்டும் தலை நிமிரவில்லை.

கடைசியில் ராவுத்தர் ஒரு விலை சொன்னார். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்று தரம். நான் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"விடு பிள்ளே. கயித்தத் தா."

வாங்கிக்கொண்டு போனவர், கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்து வேலியில் ஆட்டைக் கட்டினார். "ஐயா, சபைக்கே இருக்கட்டும். ஆனா இனிமே வெல கூறாதீங்க. பிள்ள பயப்படுது. இது இங்கயே புல்லு தின்னுட்டுக் கெடக்கட்டும்."

"பாய், கறியும் போச்சு, காசும் போச்சே!" என்றார் மாமா.

"சாரமில்ல, போனாப் போவுது. தடவிப் பாத்தேன், எலும்புதான் இருக்கு."

கறிக்கடைக்காரருக்கே வேண்டாத ஆடு! அதற்குமேல் ஓர் அவமானம் உண்டா?

சாயங்காலம் உபதேசியார் காணிக்கைப் பையோடு வீட்டுக்கு வந்தார். "சபைப் பணம் எனக்கு எதுக்கு ஐயா?" என்று அம்மா பின்வாங்கினாள்.

"சபைப் பணம் இல்லம்மா, ஆட்டுப் பணம். ஒவ்வொரு ஏலத்துலயும் வந்தது. நீ கேக்கவும் இல்ல, யாரும் உனக்குக் குடுக்கவும் இல்ல. ஆடு சம்பாதிச்சது. காலையில தேனிக்குப் பொறப்படு."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆடு இல்லாமல் வாசல் வெறிச்சென்று இருப்பதால் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அப்படித்தானே இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அப்பா வந்துவிட்டார். ஜீப்பிலிருந்து இறங்கி, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெல்ல நடந்தார். நேரே கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். ஆடு தலையை ஆட்டிக்கொண்டே வந்தது. அத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த புகாரை அப்பாவிடம் கொட்டினேன்.

"ஒங்க ஆட்ட ஒருத்தருக்குமே பிடிக்கலப்பா. எல்லாரும் வாங்கி வாங்கித் திருப்பிக் குடுத்துட்டாங்க. மாமா, சித்தி, பாய் கூட!"

அப்பா வேலியைப் பிடித்தபடி நின்றார். அவர் தோள் குலுங்கியது. தையல் போட்ட இடம் வலிக்கிறதாக்கும் என்று எண்ணி, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.