நான் வேய்ந்த கூரை

கண் தெரியாதவர் கூரைமேல் ஏறியிருப்பதைப் பார்த்து ஒருநாள் எனக்குப் பரிதாபம் வந்தது. அந்தப் பரிதாபத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கீழ்வேளூர்ப் பக்கம் எங்களுக்கு நிலம் இருந்தது. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்த நேரம். எங்கள் வயலில் வேலை செய்து, அம்மை போட்டுப் பார்வை போனவர் ஒருவர், எங்கள் தென்னந்தோப்பு ஓரத்தில் மனைவியோடு குடியிருந்தார். காற்றில் அவர் குடிசைக் கூரை போய்விட்டது. இதுதான் சமயம் என்று, 'அங்கே யாரும் குடியில்லை' என அப்பா மனு எழுதிப் போட்டார். மறுநாள் காலை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பார்க்க வருகிறார். கூரை இருந்து அடுப்பு எரிந்தால் மனை அவருக்கு, இல்லாவிட்டால் எங்களுக்கு.

நான் அப்போது கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டிக்கொண்டு, அப்பாவையே மேடையில் ஏசிய ஆள். கூலியாட்களை 'நீங்க' போட்டுப் பேசுவதில் ஏகப் பெருமை. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் மதியம் உதவப் போனேன். அவர் மனைவி தாளடி நடவுக்குப் போயிருந்தார். இவர் தனியாக மூங்கில் கழிகள்மேல் குப்புறப் படுத்துத் தென்னங்கீற்றுக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு. அதை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் அடுத்த வரிசை. அடியில் மூன்று வரிசை முடிந்திருந்தது, ஒரு கீற்றுகூடக் கோணவில்லை. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

"இறங்குங்க, நான் கட்டுறேன்."

"வேணாங்க சின்னய்யா. நானே முடிச்சிடுவேன். பொழுது போனாத்தான் என்ன, எனக்கு எப்பவும் ஒரே வெளிச்சந்தானே" என்று சிரித்தார்.

நான் கேட்கவில்லை. கையைப் பிடித்து இறக்கி நிழலில் உட்கார வைத்தேன். கூரை வேய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், குடையைப் பிடித்துக்கொண்டு, தூர நின்று. முகட்டை மூடிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்து, மேலேயிருந்து ஆரம்பித்துக் கீழே கட்டிக்கொண்டு வந்தேன்.

"கீழேர்ந்துதானே கட்டுனீங்க சின்னய்யா?"

"ஆமா, ஆமா" என்றேன். எதற்குக் கேட்கிறார் என்றே எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒருதரம் ஏறித் தடவிப் பார்க்கிறேன் என்றார். "ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். மிராசுதார் வீட்டுப் பிள்ளை அப்படிக் கேட்டபிறகு அவர் எப்படி ஏறுவார்?

அன்று சாயங்காலம் மழை கொட்டியது. மேல் கீற்று கீழ்க் கீற்றை மூடியிருந்தால் தண்ணீர் வழிந்து ஓடியிருக்கும். நான் கட்டிய லட்சணத்தில் ஒவ்வொரு வரிசையும் தண்ணீரை உள்ளே அனுப்பியது. காலையில் ஒரு பக்கத்து மண்சுவர் சரிந்து கிடந்தது. அவர் மனைவி கரைந்த அடுப்பில் ஈர விறகை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். பற்றவே இல்லை.

இன்ஸ்பெக்டர் அப்பாவோடு வந்தார். நானும் பின்னால் போனேன். இன்ஸ்பெக்டர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"யாருய்யா இதை மேஞ்சது? தலைகீழால்ல கட்டியிருக்கு!" பிறகு வாசலில் நின்ற குடிசைக்காரரின் கண்களைக் கவனித்துவிட்டு, "ஓ, நீதானா? கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குய்யா இந்த வேலையெல்லாம்?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்பாவுக்கு நான் பயப்படவில்லை. அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடுமே என்றுதான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

நான் வந்திருப்பது என் செருப்புச் சத்தத்திலேயே குடிசைக்காரருக்குத் தெரியும். முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்கய்யா, நான்தான் மேஞ்சேன்."

குடியிருக்கத் தகுதியில்லை, யாரும் குடியில்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். அப்பா பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.